மனநோய்க்கும் மருந்துண்டு

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நின்று நிலவட்டுமாக!

 

நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரி மீது வைக்கிறோம். இரத்தக் கொதிப்பு மாத்திரையை விருந்துக்குப் போன இடத்திலும் தயங்காமல் எடுத்து விழுங்குகிறோம். ஆனால் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் மருத்துவர் தந்த மாத்திரையை மட்டும் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். மருமகள் அதைச் சாப்பிடுவது சம்பந்தி வீட்டாருக்குத் தெரியக் கூடாது. மகன் அதைச் சாப்பிடுவது பெண் கொடுக்க வருபவர்களுக்குத் தெரியக் கூடாது. இது போதாதென்று, "ஐவேளை தொழுகிறவனுக்கு இந்த மாத்திரை எதற்கு?" என்று கேட்டு, நோயாளி தானாகவே மருந்தைத் தூக்கி எறியும்படி செய்து விடுகிறோம். இந்தக் கேள்வி மார்க்கத்தில் நிற்குமா? இந்த மருந்துகள் எத்தகையவை? அவற்றை எப்படிக் கையாள வேண்டும்? இவற்றைத்தான் இன்றைய ஜும்ஆவில் நாம் சிந்திக்க இருக்கிறோம்.

கவலை ஈமானின் குறைவா?

நபி யஃகூப் (அலை) அவர்களின் ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு வரும்? அருமை மகனைப் பிரிந்த துக்கத்தால் அன்னாரின் கண்கள் வெளுத்துப் பார்வை மங்கியதை அருள்மறையின் யூசுஃப் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர்கள் தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். பொறுமையை அழகாகக் கடைப்பிடித்தார்கள். ஆயினும் துக்கம் உடலைத் தாக்கவே செய்தது. நபிமார்களின் உடலும் மனித உடலே.

அன்னை மர்யம் (அலை) அவர்களைப் பாருங்கள். பேரீச்சமரத்தின் அடியில் தனியாகப் பிரசவ வேதனையில் இருந்தபோது, இதற்கு முன்பே தாம் இறந்து போயிருக்கக் கூடாதா என்று எண்ணும் அளவுக்கு அன்னாருக்கு நெருக்கடி ஏற்பட்டது. அந்த நேரத்தில், இப்படிப் பேசலாமா என்று அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. அருந்த நீரும் உண்ணப் பழமும் காட்டப்பட்டன. உள்ளத்தின் வேதனைக்கு ஆறுதல் சொல்லோடு உடலுக்கான உதவியும் சேர்ந்து வந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் துக்கத்தையும் கவலையையும் விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை அதிகமாக ஓதி வந்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பாதுகாவல் தேட வேண்டிய ஒன்று என்றால், அது மனிதனுக்கு வரக்கூடிய ஒரு சோதனை என்பதுதான் பொருள். அதற்கு ஆளானவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நமக்கு ஏது அதிகாரம்?

எது கவலை, எது நோய்?

மௌத்து விழுந்த வீட்டில் அழுகை இருக்கும். கடன்பட்டவருக்கு உறக்கம் கெடும். இவை வாழ்வின் இயல்பு. நாளடைவில் தணிந்து விடும். நோய் என்பது வேறு.

இந்த வேறுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) என்ற அறிஞர். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியைச் சேர்ந்தவர், கி.பி. 934இல் மறைந்தவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற தமது நூலில் உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் இரு பகுதிகளாக அவர் எழுதினார். துக்கத்தை அவர் இரு வகையாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. பிரிவு, இழப்பு போன்றவற்றால் வருவது. காரணமே தெரியாமல் மனிதனை அழுத்தும் துக்கம் மற்றொன்று. பின்னதற்கு உடலில் வேர் இருக்கிறது, அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்பது அவரது முடிவு. அவர் கூறிய உடற்கூறு விளக்கங்கள் பழைய காலத்தவை. ஆனால் அவர் காட்டிய திசை இன்றைய மருத்துவமும் செல்லும் திசையாகும்.

இன்றைய மருத்துவர்கள் கூறும் அடையாளங்களைத் தெரிந்து கொள்ளுங்கள். ஏறத்தாழ நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பது, முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறிப் போவது, காரணமற்ற களைப்பு, தன்னைப் பயனற்றவன் என்று எண்ணுவது, சாவைப் பற்றிய நினைவு. இவற்றில் பல இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வேலைகளைக் கெடுத்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பதற்ற நோயில் ஆபத்து ஏதுமில்லாத நேரத்திலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை நடுங்கும், இதோ உயிர் போகிறது என்ற அச்சம் திடீரெனப் பிடிக்கும். மாரடைப்பு என்று எண்ணி மருத்துவமனைக்கு ஓடி, இதயம் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வருவோரில் சிலருக்கு இருப்பது இந்த நோயே.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே போன்ற சோர்வு வரும். எனவே முதலில் மருத்துவரிடம் காட்டி, தேவையான இரத்தப் பரிசோதனை செய்து கொள்வதே முறை. கண்ணேறு, சூனியம் என்று நாமே தீர்ப்பெழுதி மாதக்கணக்கில் அலைவது முறையல்ல.

மருந்து செய்வது நபிவழி

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. நாங்கள் மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்து கொள்ளுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்ததாகவும், முதுமை ஒன்றுக்குத்தான் மருந்தில்லை என்று கூறியதாகவும் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வருகிறது. அந்த விதிவிலக்கில் மனநோய் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஒரு செய்தி. வாற்கோதுமை மாவில் செய்யப்படும் 'தல்பீனா' என்ற கஞ்சியைத் துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுவார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துக் கவலையை ஓரளவு போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதாக அறிவிப்பார்கள். வாய் வழியே உட்கொள்ளும் ஒரு பொருள் உள்ளத்தின் துக்கத்தைத் தணிக்கும் என்பதை இந்த உம்மத் அன்றே அறிந்திருந்தது. அப்படியிருக்க, வாய் வழியே உட்கொள்ளும் மாத்திரை உள்ளத்தை எப்படித் தொடும் என்று இன்று நாம் வியப்பது பொருத்தமாகுமா?

தவக்குல் என்ற பெயரில் மருந்தை விடுவோர் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் சொல்லை நினைவில் கொள்ள வேண்டும். ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியிருந்தபோது அன்னார் படையுடன் உள்ளே செல்லாமல் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். நோயும் அவன் விதி. நிவாரணமும் அவன் விதி.

உயிரையும் அறிவையும் பேணுவது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் அடங்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'அல்முஸ்தஸ்ஃபா'வில் விளக்குகிறார்கள். இந்த நோய் கை வைப்பது அந்த இரண்டின் மீதும்தான். இதனை உணர்ந்தே நம் முன்னோர்கள் 'பீமாரிஸ்தான்' எனும் மருத்துவமனைகளைக் கட்டினார்கள். சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டில் கெய்ரோவில் எழுப்பத் தொடங்கிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது.

இன்றுள்ள மருந்துகள்

இன்றைய மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு ஒரு காசநோய் மருத்துவமனையில் தொடங்குகிறது. 1952இல் நியூயார்க் நகரின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் தீவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்து தரப்பட்டது. அவர்களுடைய உள்ளமும் உற்சாகமடைவதை மருத்துவர்கள் கண்டார்கள். 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் என்ற மருத்துவர் இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். யாரும் தேடாத இடத்தில் நிவாரணம் கிடைத்தது. தேடுவோருக்கு அல்லாஹ் வழி திறப்பது இவ்வாறுதான்.

இப்போது பெரும்பாலும் முதலில் தரப்படுபவை செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின் போன்றவை. இவை நரம்புகளின் சந்திப்பில் செரட்டோனின் என்ற பொருளைக் கூடுதலாகக் கிடைக்கச் செய்கின்றன. அந்தப் பொருள் குறைவதுதான் நோய்க்கு ஒரே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. ஆயினும் மனச்சோர்வு, பதற்றம் இரண்டிலுமே பலருக்கு இவை பயன் தருகின்றன. இவற்றால் பயன் இல்லையெனில் வென்லாஃபாக்சின், டுலாக்செடின், மிர்டாசபின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அமிட்ரிப்டிலின் முதலிய பழைய மருந்துகளும் பயன்படுகின்றன. அவற்றில் வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் அதிகம். அளவு மீறினால் இதயத்துக்கு ஆபத்து. ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்குப் பொருந்தாது. எனவே பக்கத்து வீட்டாரின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மற்றொரு வகை அல்பிரசோலம், குளோனாசெபம், லோராசெபம், டயஸிபாம் ஆகியவை. இவை பதற்றத்தை விரைவில் அடக்கி உறக்கம் தரும். இவற்றைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடல் இவற்றுக்குப் பழகி அடிமைப்பட்டு விடும். நீண்ட காலம் உண்டு திடீரென நிறுத்தினால் வலிப்பு கூட வரலாம். "மனநோய் மாத்திரை எல்லாமே போதைதான்" என்று மக்கள் சொல்வதற்கு இந்த வகையே காரணம். முன் சொன்ன செர்ட்ராலின் வகையில் இத்தகைய அடிமைத்தனம் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது அறியாமை.

நோய் லேசானதாக இருந்தால் மருந்தில்லாமல் மனநல ஆலோசனை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் பேச்சு வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. நடுத்தரமான, கடுமையான நோய்களில் மருந்தும் ஆலோசனையும் சேர்ந்து வருவது சிறப்பு.

உட்கொள்வோர் அறிய வேண்டியவை

முதலாவது: பொறுமை. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். ஆனால் குமட்டல், தலைவலி, உறக்க மாற்றம் போன்ற பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்து, பெரும்பாலும் சில நாட்களில் தணியும். நன்மை வருமுன் சிரமம் வருவதால் பலர் பத்து நாளிலேயே விட்டு விடுகிறார்கள். தாம்பத்திய நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்று வழி காண்பார்.

இரண்டாவது: நலமானதும் நிறுத்தி விடாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடருமாறு மருத்துவர்கள் கூறுகிறார்கள். நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். நிறுத்தும்போதும் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் உறக்கமின்மையும் வரும்; நோயும் திரும்பலாம்.

மூன்றாவது: முதல் வாரங்களில் கண்காணிப்பு. 25 வயதுக்கு உட்பட்டோரில் சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக் காண்பதால், அமெரிக்க மருந்துத் துறை 2004இலும் 2007இலும் எச்சரிக்கை விடுத்தது. இது மருந்தை மறுப்பதற்கான காரணமல்ல. பிள்ளையைத் தனிமையில் விடாமல் கவனிப்பதற்கும், மாத்திரைகளைப் பெரியவர்கள் தங்கள் பொறுப்பில் வைத்துக் கொள்வதற்கும் உரிய காரணம்.

நான்காவது: எதையும் மறைக்காதீர்கள். யூனானி, சித்த மருந்து உட்பட உண்ணும் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உறக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், வீண் செலவு, ஓயாத பேச்சு என்று முன்பு எப்போதாவது இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு லித்தியம் போன்ற வேறு மருந்து தேவை.

பிரசவமான பெண்களுக்கு வரும் மனச்சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் நடப்பது இதுதான்: குழந்தை பிறந்து இரண்டு மாதமாகியும் தாய் அழுதுகொண்டே இருக்கிறாள், குழந்தையைத் தொட மறுக்கிறாள். மருத்துவர் மாத்திரை தருகிறார். பால் கெட்டு விடும் என்று மாமியார் தடுக்கிறார்; கணவன் வெளிநாட்டில் இருக்கிறான்; மாத்திரை குப்பைக்குப் போகிறது; நோய் முற்றுகிறது. தாய்மார்களே! பாலூட்டும் காலத்துக்கும் ஏற்ற மருந்துகள் உண்டு. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. கருவுற்றிருப்போரும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மர்யம் (அலை) அவர்களுக்கு நீரும் பழமும் காட்டப்பட்டதை நினைத்துப் பாருங்கள். உங்கள் மருமகளுக்கு நீங்கள் என்ன தருகிறீர்கள்?

மக்கள் கேட்கும் சில கேள்விகள்

திக்ரால் உள்ளங்கள் அமைதி பெறும் என்று குர்ஆன் கூறும்போது மாத்திரை எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த வாக்கு சத்தியமானது. ஆனால் காய்ச்சல்காரனின் நாவுக்குத் தேனும் கசக்கும். குறை தேனில் இல்லை. நோயுற்ற உள்ளம் திக்ரின் இனிமையை உணர முடியாமல் தவிக்கிறது. மருந்து அந்த நாவைச் சீராக்குகிறது. தேன் தேனாகவே இருக்கிறது. எனவே ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் விட வேண்டியதில்லை. அவற்றைக் காரணம் காட்டி மருந்தை விடாமல் இருந்தால் போதும்.

தூக்கம் தரும் மாத்திரை ஹராமா என்பது அடுத்த கேள்வி. மருத்துவர் தேவை கருதித் தரும் அளவில், தரும் காலம் வரை உட்கொள்வது சிகிச்சை. போதைக்காகக் கடையில் வாங்கி விழுங்குவது கூடாது. சந்தேகமான ஜெலட்டின் உறை கொண்ட கேப்ஸ்யூல் குறித்துத் தயங்குவோர், அதே மருந்தையோ அதே வகையிலான வேறு மருந்தையோ மாத்திரை வடிவில் தரும்படி மருத்துவரைக் கேட்கலாம். அத்தகைய மாத்திரைகள் கிடைக்கின்றன.

ரமலானில் என்ன செய்வது? ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் உண்ணும் மருந்துகளைப் பெரும்பாலும் இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக் கொள்ளலாம். லித்தியம் உண்பவர்களுக்கு உடலில் நீர் குறைந்தால் மருந்தே நஞ்சாகக் கூடும். ஆகவே ரமலானுக்கு முன்பே மருத்துவரைச் சந்தியுங்கள். அவர் வேண்டாம் என்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்றுக் கொள்ளுங்கள். சலுகையும் அல்லாஹ் தந்ததே.

ஏர்வாடி தந்த பாடம்

அன்பர்களே! 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் நம் மாவட்டங்களில் ஒன்றான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட இயலவில்லை. யார் அவர்கள்? யாரோ பெற்ற பிள்ளைகள். யாருடைய மனைவியோ சகோதரனோ. மருந்துக்குப் பதில் சங்கிலியைத் தந்ததன் முடிவு அது.

அதன் பின் நிலைமை மாறியுள்ளது. குஜராத்தின் உனாவா தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும் 'தவா–துஆ' என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. துஆவுக்காக வருபவர்களுக்கு அதே இடத்தில் மனநல மருத்துவரின் சிகிச்சையும் மருந்தும் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சை தர அரசைப் பொறுப்பாக்குகிறது.

நம் பொறுப்பு என்ன? வீட்டில் ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகி விடாது, மாறாகச் சுமை இறங்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் 2022 முதல் இரவு பகலாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் ஏழை நோயாளிகளின் பயணச் செலவையாவது ஏற்க வேண்டும். மருந்துண்டு நலமாக வாழும் ஒருவரின் திருமணப் பேச்சில், 'அவன் பைத்தியம்' என்று சொல்லும் நாவை நாம் ஒவ்வொருவரும் அடக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ பேர் மருத்துவரின் வாசலை மிதிக்காமல் இருக்கிறார்கள்.

இன்று வீடு திரும்பியதும், தலையணைக்கு அடியில் இருக்கும் அந்த மாத்திரையை எடுத்து மற்ற மாத்திரைகளோடு அலமாரியில் வையுங்கள். "மகனே, மாத்திரை சாப்பிட்டாயா?" என்று சர்க்கரை நோயாளியைக் கேட்பது போலவே கேளுங்கள். பிறகு அவருக்காகக் கையேந்துங்கள்.

யா அல்லாஹ்! எங்களில் உள்ளம் நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் கனிவையும் தருவாயாக! மருத்துவர்களின் கரங்களில் பரக்கத் செய்வாயாக! நோயுற்றவரைப் பழிக்கும் பாவத்திலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.